ஐந்து ஃபேஸ் மோட்டாருக்கு எந்த முன்கணிப்புக் கட்டுப்பாடு?

மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு எம்.பி.சி. (மாடலை வைத்து அடுத்த கணத்தின் கரண்ட்டை முன்கணிக்கும் கட்டுப்பாடு) எழுதிப் பழகியவர்கள் ஐந்து ஃபேஸுக்குப் போகும்போது, பழைய நிரலில் வெக்டர் (இன்வெர்ட்டர் ஸ்விட்சுகளின் ஒவ்வொரு நிலையும் தரும் வோல்டேஜ்) எண்ணிக்கையை 8-லிருந்து 32 ஆக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பது வழக்கம். மோட்டார் சுற்றும், டார்க்கும் வரும். ஆனால் ஆசிலாஸ்கோப்பில் ஃபேஸ் கரண்ட் முள்முள்ளாக இருக்கும். லோடு இல்லாதபோதே ஸ்டேட்டர் சூடாகும். நிரலை எத்தனை முறை புரட்டினாலும் பிழை அகப்படாது. பிழை நிரலில் இல்லை, அந்த மோட்டாருக்கு அந்த முறை ஒத்துவரவில்லை.

நிரல் எழுத உட்காரும் முன்பே எடுக்க வேண்டிய முடிவு இது. கையில் இருக்கும் வழிகள்: எல்லா வெக்டரையும் சோதிக்கும் எம்.பி.சி., விர்ச்சுவல் வெக்டர் எம்.பி.சி., டெட்பீட், அதன் உறவினர்களான மாடுலேட்டட் எம்.பி.சி.யும் தொடர் வகை எம்.பி.சி.யும், அப்புறம் முன்கணிப்பே இல்லாத பழைய பி.ஐ. கன்ட்ரோலர் (பிழையையும் அது சேர்ந்துவந்த கூட்டுத்தொகையையும் பார்த்துத் திருத்துவது). கடைசியானதைப் பட்டியலில் சேர்க்காமல் ஒப்பிடுவது நியாயமல்ல. பல இடங்களில் ஜெயிப்பது அதுதான்.

பல ஃபேஸ் மோட்டார் ஆய்வகத்தோடு நின்றுபோன சமாச்சாரமும் அல்ல. பிரிட்டிஷ் கடற்படையின் டைப் 45 போர்க்கப்பல்களை ஓட்டுபவை தலா 20 மெகாவாட், 15 ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார்கள். கார்களின் மின் ஸ்டீயரிங்கில் ஒரே ஸ்டேட்டரில் மூன்று-ஃபேஸ் வைண்டிங் இரண்டை வைப்பது இன்று சகஜம். இன்வெர்ட்டரின் ஒரு லெக்கின் (ஒரு ஃபேஸுக்கான ஸ்விட்ச் ஜோடியின்) மீது விழும் கரண்ட் குறையும். ஒரு ஃபேஸ் போனாலும் வண்டி நிற்காது. இந்த இரண்டுக்காகத்தான் கூடுதல் ஃபேஸுக்குக் கூடுதல் செலவு செய்கிறோம். அதனால் கன்ட்ரோலரை எடைபோடும்போது இரண்டாவது காரணத்தை மறந்துவிடக் கூடாது.

எக்ஸ்–ஒய் தளம்

ஐந்து ஃபேஸ், நியூட்ரல் வெளியே வராத மோட்டார் என்றால் தனித்தனியாக மாறக்கூடிய கரண்ட்கள் நான்கு. அவற்றை இரண்டு தளங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆறு ஃபேஸ் மோட்டாருக்கு இப்படிப் பிரிக்கும் வழியை ஜாவோவும் லிப்போவும் 1995-இல் முறையாக எழுதிக் காட்டினார்கள். ஆல்ஃபா–பீட்டா தளத்தில் இருப்பது ஃப்ளக்ஸும் டார்க்கும் தரும் கரண்ட். எக்ஸ்–ஒய் தளத்தில் இருப்பது, பரவல் வைண்டிங் (ஒவ்வொரு ஃபேஸின் சுருளும் பல ஸ்லாட்டுகளில் பரவியது) உள்ள மோட்டாரில், காப்பரைச் சுடவைப்பதைத் தவிர வேறெதற்கும் பயன்படாத கரண்ட்.

சிக்கல் என்னவென்றால், எக்ஸ்–ஒய் தளத்தில் ரோட்டர் தெரியாது. சுழலும் ரோட்டர் எதிர்த்துத் தரும் பின்னெதிர் மின்னழுத்தம் கிடையாது. தடுப்பது ஸ்டேட்டர் ரெசிஸ்டன்ஸும் லீக்கேஜ் இண்டக்டன்ஸும் மட்டும். இரண்டுமே சிறியவை.

எண்ணில் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். ஒரு கற்பனை மோட்டாரை வைத்துக்கொள்வோம்: டிசி லிங்க் 300 வோல்ட், ஃபேஸ் கரண்ட் உச்சம் 4 ஆம்பியர், ஸ்டேட்டர் ரெசிஸ்டன்ஸ் 2 ஓம், லீக்கேஜ் 5 மில்லிஹென்றி, சாம்பிளிங் 100 மைக்ரோவினாடி. ஐந்து லெக் இன்வெர்ட்டரின் 32 நிலைகளில் 30 செயல் வெக்டர்கள். பெரியது, நடுத்தரம், சிறியது என்று பத்துப் பத்தாக மூன்று அளவு. டிசி வோல்டேஜின் மடங்காக அவற்றின் நீளம் 0.647, 0.4, 0.247. ஆல்ஃபா–பீட்டாவில் பெரியதாக இருப்பது எக்ஸ்–ஒய்யில் சிறியதாகிவிடும், சிறியது பெரியதாகிவிடும், நடுத்தரம் அப்படியே இருக்கும்.

நடுத்தர வெக்டர் ஒன்றை ஒரே ஒரு சாம்பிளுக்கு வைத்தால் எக்ஸ்–ஒய்யில் 120 வோல்ட் விழுகிறது. 100 மைக்ரோவினாடியில் 5 மில்லிஹென்றி வழியே அது 2.4 ஆம்பியர் ஏற்றும். சிறிய வெக்டரை வைத்தால் ஏறுவது 3.9 ஆம்பியர், அதாவது மோட்டாரின் முழுக் கரண்ட். இருப்பதில் நல்லதான பெரிய வெக்டர்கூட 1.5 ஆம்பியர் ஏற்றிவிடும். இத்தனையும் ஒரே சாம்பிளில், டார்க்குக்குக் கால் காசு பிரயோஜனம் இல்லாமல்.

ஒவ்வொரு முறையையும் பார்க்கும்போது இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா வெக்டரையும் சோதிக்கும் முறை

ஒவ்வொரு சாம்பிளிலும் எல்லா நிலைகளையும் மாடலில் போட்டுப் பார்த்து, காஸ்ட் ஃபங்ஷனில் (இலக்கிலிருந்து எவ்வளவு விலகல் என்று மதிப்பிடும் கணக்கில்) குறைந்த மதிப்புப் பெற்றதை அப்படியே இன்வெர்ட்டருக்கு அனுப்புவது. ஸ்விட்சுகளின் நேரத்தைப் பங்கிடும் மாடுலேட்டர் கிடையாது. ஸ்பெயினின் செவில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அராஹால், பரேரோ குழுவினர் 2009-இல் இதைப் பல ஃபேஸ் மோட்டாருக்குக் கொண்டுவந்தார்கள். புரிந்துகொள்ள இதைவிட எளிமையான முறை இல்லை. ஆய்வுக் கட்டுரைகளில் இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

காஸ்ட் ஃபங்ஷனில் இரண்டு பகுதி: ஆல்ஃபா–பீட்டா பிழை, அதோடு ஒரு எடையால் பெருக்கிய எக்ஸ்–ஒய் பிழை. எடையைக் குறைத்தால் காப்பர் சுடும். கூட்டினால் கன்ட்ரோலர் பயந்துபோய்ப் பெரிய வெக்டரையும் பூஜ்ய வெக்டரையுமே மாற்றி மாற்றி எடுக்கும், டார்க் ரிப்பிள் (ஏற்ற இறக்கம்) கூடும். நடுவில் எங்கோ ஓர் எடை ‘பரவாயில்லை’ என்று தோன்றும். வேகமோ லோடோ மாறினால் அதுவும் பொருந்தாது. எவ்வளவு நேர்த்தியாக எடை போட்டாலும் மேலே பார்த்த 1.5 ஆம்பியர் மறையப் போவதில்லை, ஏனென்றால் ஒரு சாம்பிளுக்கு ஒரு வெக்டர் என்ற விதியிலேயே அது ஒளிந்திருக்கிறது.

சாம்பிளிங்கைக் கூட்டலாமே என்றால், கணக்கு இடிக்கும். பூஜ்ய நிலைகள் இரண்டையும் ஒன்றாக எண்ணினால் 31 வெக்டர், ஒவ்வொன்றுக்கும் நான்கு கரண்ட். ஆக 124 முன்கணிப்பு. எஃப்28379டி போன்ற 200 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கு அது பெரிய சுமை அல்ல என்றாலும், ஒன்பது ஃபேஸ் என்றால் நிலைகள் 512, பதினைந்து என்றால் 32,768. எல்லாவற்றையும் சோதிப்பது அங்கே நடக்காத காரியம்.

ஸ்விட்சிங் அதிர்வெண்ணும் நிலையாக இராது. 10 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் ஒரு லெக் அதிகபட்சம் 5 கிலோஹெர்ட்ஸில் மாறலாம். உண்மையில் அதைவிடக் குறைவாக, வேகத்துக்கும் லோடுக்கும் ஏற்றபடி அலைந்துகொண்டிருக்கும். ஃபில்டர் வடிவமைப்பவர் இதைக் கேட்டு மகிழ மாட்டார்.

பதிலுக்குக் கிடைப்பது வேகம். ஐந்து ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரில் இதையும் பி.ஐ. முறையையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்ட ஆய்வொன்று, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் எமில் லெவி உள்ளிட்ட குழுவிடமிருந்து 2014-இல் வந்தது. திடீர் மாற்றத்தில் எம்.பி.சி. முந்தியது, நிலையான ஓட்டத்தில் அதன் கரண்ட் ரிப்பிள் கூடுதலாக இருந்தது. பம்ப்பையோ ஃபேனையோ ஓட்டுகிறவருக்கு, டார்க் ஒரு மில்லிவினாடி முன்னால் வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன?

விர்ச்சுவல் வெக்டர்

பல ஃபேஸுக்கென்றே பிறந்த யோசனை என்று இதைச் சொல்லலாம். ஆல்ஃபா–பீட்டாவில் ஒரே திசையில் இருக்கும் பெரிய வெக்டரும் நடுத்தர வெக்டரும் எக்ஸ்–ஒய்யில் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன. இரண்டையும் ஒரு சாம்பிளுக்குள் தக்க விகிதத்தில் பங்கிட்டால் எக்ஸ்–ஒய் சராசரி பூஜ்யம். ஐந்து ஃபேஸில் பெரியதற்கு 61.8 சதவீத நேரம், நடுத்தரத்துக்கு 38.2 சதவீதம். ஆம், அது தங்க விகிதம்தான். ஐங்கோணம் இருக்கும் இடத்தில் அது எட்டிப் பார்க்காமல் இருக்காது. 30 பாகை தள்ளிய ஆறு ஃபேஸ் மோட்டாரில் இதே பங்கீடு 73-க்கு 27.

இதை நிஜ இன்வெர்ட்டரில் எழுதுவது வியப்பூட்டும் அளவுக்கு எளிது. முதல் ஃபேஸின் திசையில் விர்ச்சுவல் வெக்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர வெக்டரில் முதல் லெக் மட்டும் மேலே. பெரிய வெக்டரில் முதல், இரண்டாம், ஐந்தாம் லெக்குகள் மேலே. ஆக, முதல் லெக்குக்கு ட்யூட்டி (மேலே இருக்கும் நேரப் பங்கு) 1. இரண்டுக்கும் ஐந்துக்கும் 0.618, மூன்றுக்கும் நான்குக்கும் 0. இந்த ஐந்து எண்களை நடு-சமச்சீர் பி.டபிள்யூ.எம். (ஸ்விட்ச் நேரத்தை மாற்றி வேண்டிய வோல்டேஜைத் தருவது) ரெஜிஸ்டர்களில் எழுதினால் போதும். நடுத்தரம், பெரியது, நடுத்தரம் என்ற வரிசை தானாக வந்துவிடும். எதிர்த் திசைக்கு முதல் லெக் 0, மூன்றும் நான்கும் 1, இரண்டும் ஐந்தும் 0.382. மீதித் திசைகளும் இப்படியே சுழன்று வரும்.

சோதிக்க வேண்டியவை பத்துத் திசையும் ஒரு பூஜ்யமும், தலா இரண்டு கரண்ட்: மொத்தம் 22 முன்கணிப்பு. எடை போடும் தலைவலியும் இல்லை, காஸ்ட் ஃபங்ஷனில் எக்ஸ்–ஒய்யே இல்லை. வெக்டர் நீளம் 0.647-லிருந்து 0.553 ஆகக் குறைகிறதே என்று சிலர் தயங்குவார்கள். அந்தப் பத்து முனைகளுக்குள் வரையக்கூடிய வட்டத்தின் ஆரம் 0.526, ஐந்து ஃபேஸில் சுத்தமான சைன் அலையாக எடுக்கக்கூடிய உச்சமும் அதேதான். எனவே நேர்கோட்டுப் பகுதியில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஆனால் இரண்டு விஷயங்களை இந்த முறையைப் புகழ்பவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை. பூஜ்யமாவது சராசரிதான். சாம்பிளுக்கு உள்ளே எக்ஸ்–ஒய் கரண்ட் ஏறி இறங்கத்தான் செய்யும்: நம் மோட்டாரில் பெரிய வெக்டரின் 74 வோல்ட் 61.8 மைக்ரோவினாடிக்கு நின்றால் உச்சிக்கு உச்சி 0.92 ஆம்பியர். அது அடுத்த சாம்பிளுக்குச் சேர்ந்து வளராது என்பதுதான் லாபம்.

இரண்டாவது இதைவிட முக்கியம். இங்கே எக்ஸ்–ஒய் கரண்ட்டை யாரும் அளந்து திருத்துவதில்லை, ‘பூஜ்யம்தான்’ என்று நம்பி விட்டுவிடுகிறோம். இன்வெர்ட்டரின் டெட் டைம் (ஒரே லெக்கின் இரண்டு ஸ்விட்சும் சேர்ந்து ஆன் ஆகாமலிருக்க விடும் இடைவெளி) அந்த நம்பிக்கையைக் கெடுக்கும். டெட் டைம் உண்டாக்கும் வோல்டேஜ் பிழையில் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண் அலை) இருக்கிறது; ஐந்து ஃபேஸில் அது நேராக எக்ஸ்–ஒய்யில் போய் விழும். எல்லா லெக்கும் 10 கிலோஹெர்ட்ஸில் மாறுகின்றன, டெட் டைம் 2 மைக்ரோவினாடி என்றால் பிழை 6 வோல்ட் சதுர அலை. அதில் மூன்றாம் ஹார்மோனிக் சுமார் 2.5 வோல்ட். மோட்டார் 30 ஹெர்ட்ஸில் ஓடும்போது, 90 ஹெர்ட்ஸில் நம் லீக்கேஜும் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து கொடுப்பது 3.5 ஓம்தான். ஆக, 0.7 ஆம்பியர் வீணாக ஓடும். அது 4 ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குக்கு மேல். விர்ச்சுவல் வெக்டர் முறையிலும் டெட் டைம் இருக்கும், அதன் விளைவைப் பார்க்கக் கண்தான் இருக்காது. தனியாக டெட் டைம் ஈடுசெய்தல் எழுதத்தான் வேண்டும்.

டெட்பீட்டும் உறவினர்களும்

அடுத்த சாம்பிளில் கரண்ட் இலக்கைத் தொட எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்று மாடலைத் திருப்பிப் போட்டுக் கணக்கிட்டு, பி.டபிள்யூ.எம்.-இடம் கொடுப்பது டெட்பீட். அதிர்வெண் நிலையானது, கணக்கு ஒரு சில பெருக்கல்தான், ரிப்பிள் குறைவு. எடுத்த எடுப்பில் இதுவே சிறந்தது என்று தோன்றும்.

இதன் நோய் இண்டக்டன்ஸ். மாடலில் இருக்கும் இண்டக்டன்ஸ் உண்மையானதைப்போல் இரண்டு மடங்கைத் தொட்டால் லூப் அலையத் தொடங்கிவிடும். ஒரு சாம்பிள் தாமதத்தை முன்கணித்து ஈடுசெய்தாலும் எல்லை அதே இரண்டு மடங்குதான். ஆல்ஃபா–பீட்டாவில் அவ்வளவு பிசகு வருவது அபூர்வம். எக்ஸ்–ஒய்யில் அப்படி நம்பிவிட முடியாது. ரோட்டரைப் பூட்டி வைத்து அளக்கும் வழக்கமான லாக்டு ரோட்டர் சோதனையில் கிடைக்கும் லீக்கேஜும் எக்ஸ்–ஒய் தளம் உணரும் லீக்கேஜும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குறுகிய பிட்ச் வைண்டிங்கில் ஸ்லாட்டுக்குள் ஃபேஸ்கள் ஒன்றையொன்று பாதிப்பதால் எக்ஸ்–ஒய் மதிப்பு குறைவாக இருக்கக்கூடும். உண்மை குறைவு, மாடல் அதிகம்: ஆபத்தான பக்கம் அதுதான். ஆல்ஃபா–பீட்டாவுக்கு டெட்பீட், எக்ஸ்–ஒய்க்கு மென்மையான பி.ஐ. என்று கலந்து வைப்பது இதனால்தான் புத்திசாலித்தனம்.

மாடுலேட்டட் எம்.பி.சி. என்பது, இரண்டு பக்கத்து விர்ச்சுவல் வெக்டர்களையும் பூஜ்யத்தையும் எடுத்து, எதன் காஸ்ட் குறைவோ அதற்கு அதிக நேரம் என்று பங்கிடுவது. நன்றாக வேலை செய்யும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஸ்பேஸ் வெக்டர் பி.டபிள்யூ.எம்.-ஓடு டெட்பீட் சேர்ந்ததற்கு மிக அருகில் வந்துவிட்டோம் என்பது தெரியும், பெயர்தான் புதிது.

தொடர் வகை எம்.பி.சி., அதாவது கட்டுப்பாட்டு எல்லைகளோடு சேர்த்து உகந்த வோல்டேஜைத் தேடுவது, சராசரி மோட்டார் டிரைவுக்கு அதிகப்படி. எல்லைகள் தொடப்படாத வரை அதன் விடை ஒரு நிலையான பெருக்கல் அணிதான். தொடப்படும் தருணங்கள் சொற்பம். உயர் வேகத்தில் வோல்டேஜ் போதாமல் ஓயாமல் எல்லையில் ஓடும் மோட்டார் என்றால் மட்டும் யோசிக்கலாம். முன்கணிப்புக் கட்டுப்பாடு சந்தைக்கு வந்த இடமும் வேறு: ஏ.பி.பி.யின் ஏ.சி.எஸ்.6080 போன்ற நடுத்தர வோல்டேஜ் டிரைவ்கள். அங்கே ஒவ்வொரு ஸ்விட்சிங்கும் விலை உயர்ந்தது, கணக்குக்குச் செலவழிப்பது லாபம். 300 வோல்ட் ஐ.ஜி.பி.டி.க்கு அந்த நியாயம் பொருந்தாது.

பி.ஐ. கன்ட்ரோலரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இரண்டு தளத்துக்கும் தனித்தனி லூப், எக்ஸ்–ஒய்யில் மூன்றாம் ஹார்மோனிக்குக்கு ஒரு ரெசனன்ட் பகுதி (அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் குறிவைத்து அடக்குவது). மேலே சொன்ன 0.7 ஆம்பியரை இது அளந்து, அடக்கி, சத்தமில்லாமல் வேலையைப் பார்க்கும். ஆரோக்கியமான மோட்டார், நிதானமான லோடு என்றால் இதைத் தோற்கடிப்பது கஷ்டம்.

ஃபேஸ் ஒன்று போனால்

இங்கேதான் தராசு தலைகீழாகிறது. முதல் ஃபேஸ் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கரண்ட் பூஜ்யம். ஃபேஸ் கரண்ட் என்பது ஆல்ஃபாவும் எக்ஸும் சேர்ந்தது. ஆகவே இனி எக்ஸ் கரண்ட் ஆல்ஃபா கரண்ட்டின் எதிர் மதிப்பாகத்தான் இருக்க முடியும். இயற்பியல் அப்படிக் கட்டிவிட்டது. பி.ஐ. லூப்புக்கு இது தெரியாது. எக்ஸ் பூஜ்யமாக வேண்டும் என்று அது ஒரு பக்கம் இழுக்க, ஆல்ஃபா லூப் இன்னொரு பக்கம் இழுக்க, டார்க் துடிக்கும். பழுதை உடனே கண்டுபிடித்து இலக்குகளை மாற்றினால்தான் தப்பிக்கலாம். எக்ஸ்–ஒய்யை இறுக்கிப் பிடிக்கும் எந்த முறைக்கும், டெட்பீட் உட்பட, இதே கதிதான்.

விர்ச்சுவல் வெக்டர் முறையோ எக்ஸ்–ஒய்யைப் பிடிக்கவே இல்லை. ஃபேஸ் அறுந்ததும் எக்ஸ் கரண்ட் போகிற போக்கில் போகும், ஆல்ஃபா–பீட்டா லூப் தன் வேலையைத் தொடரும். ஆரோக்கியத்தில் குறையாக இருந்த குருட்டுத்தனம் பழுதில் வரமாகிறது. பழுதைக் கண்டுபிடிக்கும் முன்பே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். பங்கீட்டு விகிதம் இனி சரியாக இராது, செயல்திறன் குறையும், ஆனால் நிற்காது.

எல்லா வெக்டரையும் சோதிக்கும் முறைக்கும் இங்கே கௌரவம் திரும்புகிறது. பழுது தெரிந்ததும் மாடலை மாற்றி, மீதி நான்கு லெக்கின் 16 நிலைகளைச் சோதித்தால் போதும். மறுபடி ட்யூனிங் கிடையாது. எதை எடுத்தாலும் மோட்டாரிடம் பழைய அளவு எதிர்பார்க்கக் கூடாது. மீதி நான்கு ஃபேஸிலும் சம கரண்ட் ஓட்டினால், காப்பர் சூடேறாமல் கிடைக்கும் சுழல் புலம் முன்பிருந்ததில் 72 சதவீதம்தான்.

எதை எடுப்பது

சாதாரணத் தொழிற்சாலை லோடு, பழுதின்போது நிறுத்திவிடலாம் என்றால் பி.ஐ.யும் ரெசனன்ட் பகுதியும். யாராவது எம்.பி.சி. வேண்டும் என்று கேட்டால் ஏன் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஸ்டீயரிங், கப்பல், விமானம் போல நிற்கவே கூடாத இடம் என்றால் விர்ச்சுவல் வெக்டர் எம்.பி.சி., கூடவே நல்ல டெட் டைம் ஈடுசெய்தல். ரிப்பிள் உறுத்தினால் அதன் மேல் மாடுலேட்டட் வடிவத்துக்குப் போகலாம். என் வாக்கு பொதுவாக இந்தப் பக்கம்தான்.

டார்க் மின்னல் வேகத்தில் மாற வேண்டும், மோட்டாரின் அளவுருக்கள் நன்றாகத் தெரியும் என்றால் டெட்பீட். எக்ஸ்–ஒய்க்கு மட்டும் பி.ஐ. எல்லா வெக்டரையும் சோதிக்கும் முறையை, லீக்கேஜ் தாராளமாக இருந்து சாம்பிளிங்கும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போக முடிந்தால் எடுக்கலாம். படிப்பதற்கும் ஒப்பிடுவதற்கும் எப்போதும் எடுக்கலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. செறிவு வைண்டிங் (சுருள் பரவாமல் ஒரே இடத்தில் குவிந்தது) உள்ள ஐந்து ஃபேஸ் மோட்டாரில் மூன்றாம் ஹார்மோனிக்கும் டார்க் தரும். அங்கே எக்ஸ்–ஒய் வீண் தளம் அல்ல. அதைப் பூஜ்யமாக்கும் விர்ச்சுவல் வெக்டரைப் போட்டால் காசு கொடுத்து வாங்கிய டார்க்கைக் கீழே கொட்டியதாகும். இரண்டு தளத்தையும் பிடிக்கும் முறையே அதற்குச் சரி.

எதை எடுப்பதாக இருந்தாலும் முதல் வேலை எக்ஸ்–ஒய் லீக்கேஜை அளப்பது. இன்வெர்ட்டரில் சைன் அலையை 72 பாகைக்குப் பதிலாக 144 பாகை இடைவெளியில் ஐந்து ஃபேஸுக்கும் கொடுங்கள். பரவல் வைண்டிங் என்றால் ரோட்டர் அசையாது, பூட்டவும் தேவையில்லை. மிகக் குறைந்த வோல்டேஜில் ஆரம்பித்து, கரண்ட்டின் அளவையும் கட்ட வேறுபாட்டையும் பாருங்கள். ரெசிஸ்டன்ஸைக் கழித்தால் இண்டக்டன்ஸ் வந்துவிடும். டிசி வோல்டேஜின் 0.247 மடங்கை ஒரு சாம்பிள் நேரத்தால் பெருக்கி அந்த இண்டக்டன்ஸால் வகுங்கள். விடை மோட்டாரின் முழுக் கரண்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால், ஒரு சாம்பிளுக்கு ஒரு வெக்டர் என்ற யோசனையைக் கைவிட்டுவிடலாம்.